கையை நீட்டினால், எண்ணிக் காட்டுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் சில்லறையைப் பத்தி. சினிமா வசனத்துல வர்ற "சில்லறைப் பய" சில்லறை இல்லை. நிஜமான சில்லறை. பாக்கெட்டுக்குள்ள கிடந்து சலசலக்குமே, அது.

யூபிஐ காலத்துல யாருடா சில்லறையைப் பத்தி அரை மணி நேரம் கேப்பாங்கன்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் போன நவம்பரில் அப்பாவிடமிருந்து ஒரு போன் வந்தது. எடுத்ததும் "சாப்பிட்டியா" கூட இல்லை. "டேய், அந்தச் செம்புக் காசை நிப்பாட்டிட்டாங்களாமே, பார்த்தியா?" என்றார்.

விஷயம் உண்மைதான். 2025 நவம்பர் 12-ம் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி பென்னியை, அதாவது ஒரு சென்ட் காசை, அடித்து முடித்தார்கள். 1793-ல் அடிக்க ஆரம்பித்த காசு. 2024 நிதியாண்டுக் கணக்குப்படி ஒரு சென்ட் காசு ஒன்றைத் தயாரிக்க 3.69 சென்ட் செலவு. பத்து ரூபாய்க்கு விற்கிற வடையைச் சுட முப்பத்தேழு ரூபாய் ஆனால் கடையை எத்தனை நாள் நடத்த முடியும்? ஏற்கெனவே புழங்குகிற பென்னி எல்லாம் செல்லும். புதுசாக அடிப்பதைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ஒண்ணுதான்டா பார்த்த உடனே என்ன காசுன்னு தெரியும். அதைப் போய் நிப்பாட்டிட்டாங்களே."

இந்த வரி உங்களுக்குப் புரியணும்னா நான் கொஞ்சம் பின்னாடி போகணும்.

நாலு காசு, ஒரு எண் கூட இல்லை

நான் வேலைக்காக நியூ ஜெர்சி போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் வாரம், ஆபீஸ் போகிற வழியில் ஒரு காபிக் கடை. பலகையில் விலை 1.99 டாலர். சரி, இரண்டு டாலர் கொடுத்தால் ஒரு சென்ட் மிச்சம் என்று போனேன். பில் வந்தது 2.12. ஏன் என்றால், அங்கே விலைப் பலகையில் வரி சேர்ந்திருக்காது. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். கல்லாவில்தான் அதைக் கூட்டுவார்கள். ஆக, வரிசையில் நிற்கும்போதே சில்லறையை எண்ணித் தயாராக வைத்துக்கொள்ளலாம் என்ற நம்ம ஊர்ப் பழக்கம் முதல் நாளே அடிபட்டுப் போனது.

ஐந்து டாலர் நோட்டை நீட்டினேன். மீதி 2.88. இரண்டு ஒற்றை டாலர் நோட்டு, கூடவே ஏழு காசு. மறுநாள், அதே காபி, அதே 2.12. இன்னைக்கு கரெக்டா குடுத்துடுவோம்னு கையில் காசை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றிலும் எண் இல்லை.

நம்ம ஒரு ரூபாய் காசை எடுத்துப் பாருங்க. பெரிதாக 1 என்று இருக்கும். ஐந்து ரூபாயில் 5. எந்த மொழிக்காரன் வந்தாலும், எழுத்தே தெரியாதவன் வந்தாலும், அந்த எண்ணைக் காட்டிப் புரிய வைத்துவிடலாம். அமெரிக்காவில் அன்றாடம் புழங்குகிற நாலு காசிலும் மதிப்பு எழுத்தில் மட்டும்தான் இருக்கும். பென்னியில் "ஒன் சென்ட்". நிக்கலில் "ஃபைவ் சென்ட்ஸ்". குவார்ட்டரில் "குவார்ட்டர் டாலர்". கால் டாலர் என்றால் 25 சென்ட் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். இதிலெல்லாம் மோசம் டைம். பத்து சென்ட் காசு. அதில் பத்து என்றோ சென்ட் என்றோ எங்கும் கிடையாது. "ஒன் டைம்". அவ்வளவுதான். டைம்னா என்னன்னு தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் அது தகவல்.

சரி, அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், அது இன்னொரு கூத்து. டைமின் விட்டம் 17.91 மில்லிமீட்டர். பென்னி 19.05. நிக்கல் 21.21. குவார்ட்டர் 24.26. சின்னதிலிருந்து பெரிசுக்கு அடுக்கினால் மதிப்பு இப்படி வரும்: 10, 1, 5, 25. பத்து சென்ட் காசுதான் நாலிலும் குட்டி. ஐந்து சென்ட் காசு அதைவிடப் பெரிசு, எடையில் இரண்டு மடங்குக்கும் மேல். எந்த இன்டர்வியூவிலும் இதை சார்ட்டட் அர்ரே என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பின்னால் வரிசையில் ஆறு பேர். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாரும் எதுவும் சொல்லாத அந்த அமைதி இருக்கே, அது ஒரு மாதிரி. நான் காசை பாக்கெட்டில் போட்டுவிட்டு மறுபடி ஐந்து டாலர் நோட்டை நீட்டினேன். மறுபடி ஏழு காசு.

பாட்டில் நிறைய காசு

புது நாட்டுக்கு வந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட் கனமாக இருக்கும். காசு தெரியாதவன் எல்லாத்துக்கும் நோட்டையே நீட்டுவான். மீதி சேர்ந்துகொண்டே போகும். என் சமையலறையில் அம்மா ஊறுகாய் கொடுத்துவிட்ட ஒரு கண்ணாடி பாட்டில் காலியாகி, அதில் காசு நிரம்ப ஆரம்பித்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் காசு எண்ணித் தருகிற மெஷின் இருக்கும். கொட்டினால் எண்ணி ரசீது தரும். அதற்குக் கமிஷன், பத்து சதவீதத்துக்கு மேல். காசு எண்ணத் தெரியாததற்கு நான் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை வைத்து மனப்பாடம் செய்யலாம் என்றும் முயன்று பார்த்தேன். கையில் இருந்த குவார்ட்டரின் பின்பக்கம் ஒரு கழுகு. ஆஹா, கழுகு என்றால் இருபத்தைந்து. இரண்டு நாள் கழித்து வந்த குவார்ட்டரில் கழுகைக் காணோம். அடுத்ததில் வேறு ஏதோ. விசாரித்தால், 1999-லிருந்து 2008 வரை வருஷத்துக்கு ஐந்து மாநிலம் என்று ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது படம் போட்டிருக்கிறார்கள். அப்புறம் தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட இடங்கள் என்று 2010-லிருந்து 56 படம். 2022-லிருந்து 2025 வரை சாதனைப் பெண்கள் வரிசையில் இருபது. இடையில் வந்ததையும் சேர்த்தால், ஒரே காசுக்கு 130-க்கும் மேற்பட்ட முதுகு. முன்பக்கம் வாஷிங்டன்தானே என்றால், அவரும் 2022-லிருந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மெஷின் லேர்னிங் ஆட்கள் கேட்டுக்கிட்டு இருந்தா சிரிச்சிருப்பீங்க. ஒரே ஒரு சாம்பிளை வைத்து மாடலைப் பழக்கினால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆனது.

கடைசியில் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கார்டு வந்தது. தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். பாட்டில் அப்படியே அலமாரியில் நின்றது. துணி துவைக்க மட்டும் குவார்ட்டர் வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இருந்த வாஷிங் மெஷின் வேறு காசு வாங்காது. பேங்கில் போய் "ஒரு ரோல்" என்று கேட்டால் காகிதத்தில் சுற்றி நாற்பது குவார்ட்டர் தருவார்கள், பத்து டாலர். அந்த ஒரு காசை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ஏன் இப்படி இருக்கு?

இந்த டைம் ஏன் இவ்வளவு குட்டி என்று ஒரு நாள் தேடிப் படித்தேன். பதிலைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. முழுக்க முழுக்க லெகஸி சிஸ்டம்.

ஆரம்பத்தில் டைம், குவார்ட்டர், அரை டாலர், எல்லாம் வெள்ளிக் காசு. காசின் மதிப்பு அதில் இருக்கிற வெள்ளியின் எடை. பத்து சென்டுக்கு எவ்வளவு வெள்ளியோ அதில் இரண்டரை மடங்கு இருபத்தைந்து சென்டுக்கு. அப்போது ஐந்து சென்டுக்கும் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. "அரை டைம்" என்று பெயர், டைமைவிடச் சின்னது. அதாவது அன்றைக்கு வரிசை ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. 1866-ல் ஐந்து சென்டை நிக்கல் கலந்த செம்பில் அடிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளி இல்லை என்பதால் எடைக் கணக்கும் இல்லை, காசைப் பெரிதாகவே அடித்தார்கள். 1873-ல் அரை டைமை நிறுத்தினார்கள். அங்கேதான் வரிசை குலைந்தது.

1965-ல் சட்டம் போட்டு டைமிலிருந்தும் குவார்ட்டரிலிருந்தும் வெள்ளியை எடுத்துவிட்டார்கள். உள்ளே செம்பு, மேலே செம்பு–நிக்கல் கலவை. வெள்ளியே இல்லாதபோது இனி எந்த அளவில் வேண்டுமானாலும் அடிக்கலாம் இல்லையா? ஆனால் அளவை மாற்றவில்லை. நாடு முழுக்க காசு போட்டு வாங்குகிற மெஷின்கள். அவை பழைய காசையும் புதுக் காசையும் ஒன்றாகவே ஏற்க வேண்டும். அதனால் மின்கடத்தும் தன்மைகூட மெஷின் ஏமாறாத மாதிரி அந்த உலோகக் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். பேக்வேர்ட் கம்பேட்டிபிலிட்டி!

அந்த வெள்ளிக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. டைம் 2.268 கிராம். குவார்ட்டர் 5.670 கிராம். அதே இரண்டரை மடங்கு. ஒரு டாலருக்குப் பத்து டைம் வைத்தாலும் நாலு குவார்ட்டர் வைத்தாலும் எடை 22.68 கிராம்.

எனக்கு இது பிடித்திருந்தது. கொஞ்சம் உறுத்தியது என்றும் சொல்லணும். பழைய மெஷினுக்காக அவ்வளவு யோசித்தவர்கள், புதுசாக வருகிற மனுஷனுக்காக ஒரு "10" போடவில்லை.

உடனே அமெரிக்காவைத் திட்ட வேண்டாம். நம்ம ஊரில் 1957-லேயே அணா போய் பைசா வந்துவிட்டது. ஆனாலும் எங்க பாட்டி கடைசிவரை இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும்தான் சொன்னார். 2011-ல் நாலணா செல்லாது என்று ஆக்கும்வரை அந்தப் பேச்சு இருந்தது. காசில் 25 என்று போட்டிருக்கும், வாயில் நாலு என்று வரும். வெளியூர்க்காரன் என்ன செய்வான்? அந்த 2011-ல் வந்த புது இரண்டு ரூபாய் காசின் விட்டம் 25 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய ஸ்டீல் ஒரு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர். எத்தனை பேர் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு வந்திருப்போம்!

அப்பா வந்தார்

எங்க அப்பா அரசு பஸ் கண்டக்டர். இப்போது ரிட்டையர்டு. திண்டுக்கல்–கரூர் ரூட்டில் பல வருஷம். தோல் பையைத் தோளில் மாட்டி, நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் வைத்து, இருட்டில், ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு பைக்குள் கையை விட்டால் சரியாக மூன்று ரூபாய் ஐம்பது பைசா வெளியே வரும். சின்ன வயதில் எனக்கு அது மேஜிக். பையைப் பார்க்கவே மாட்டார்.

அந்த மனுஷன் 2023-ல் ஆறு மாசம் தங்க நியூ ஜெர்சி வந்தார். அம்மா தவறிய அடுத்த வருஷம். பகலில் நான் ஆபீஸ். அவருக்குக் கார் ஓட்ட முடியாது. நடக்கிற தூரத்தில் இருந்தது அந்தக் காபிக் கடை ஒன்றுதான். வந்த முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். "நான் வாங்கறேன்" என்று அப்பா முன்னால் போய் நின்றார். இரண்டு காபி, வரியோடு 4.10. ஐந்து டாலரை நீட்டினார்.

கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்: "டூ யூ ஹேவ் எ டைம்?"

பத்து சென்ட் இருந்தால் கொடுங்க, ஒரு டாலரை முழுசாகத் திருப்பித் தருகிறேன் என்று அர்த்தம். நம்ம கண்டக்டர் கேட்பாரே, "பத்து பைசா இருக்கா" என்று, அதேதான். அப்பா வாழ்நாளில் லட்சம் தடவை கேட்டிருக்கிற கேள்வி.

அப்பா வாட்சைப் பார்த்தார். "டென் தர்ட்டி" என்றார்.

தமிழ்ல எழுதினா இரண்டுமே டைம்தான். எங்க அப்பா காதில் விழுந்ததும் ஒன்றுதான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள், கெட்ட எண்ணத்தில் இல்லை. அப்பா பாக்கெட்டில் கையை விட்டு இருந்த காசை எல்லாம் எடுத்து, உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினார். நீயே எடுத்துக்கோ என்கிற மாதிரி.

எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "விடுங்கப்பா, நான் கார்டுல போட்டுடறேன்" என்று குறுக்கே புகுந்து கார்டைத் தட்டிவிட்டேன். மூன்று நொடியில் வேலை முடிந்தது. உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

அப்பா காபியைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வரை பேசவும் இல்லை. இரவு சாப்பிடும்போது மட்டும் கேட்டார்: "ஏன்டா, ஒரு காபி கூட நானா வாங்க முடியாத ஆளா ஆயிட்டேனா?"

இரண்டு கேள்வி போதும்

அடுத்த திங்கட்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, என் ஊறுகாய் பாட்டில் காலி. சாப்பாட்டு மேஜையில் விளம்பரத் தாளை விரித்து, காசு மொத்தத்தையும் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுப்பார், கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒரு கீறு கீறுவார், நாலு குவியலில் ஏதோ ஒன்றில் வைப்பார்.

"படத்தைப் பார்த்தா ஏமாத்தும். ஓரத்தைப் பாரு" என்றார்.

குவார்ட்டருக்கும் டைமுக்கும் ஓரத்தில் வரி வரியாக வெட்டு இருக்கும். நிக்கலுக்கும் பென்னிக்கும் ஓரம் வழவழப்பு. ஆக முதல் கேள்வி: நகம் கரகரக்குதா? ஆமாம் என்றால், பெரிசா சின்னதா. பெரிசு 25, சின்னது 10. கரகரக்கவில்லை என்றால், தடிமனா மெலிசா. தடிமன் 5, மெலிசு 1. அவ்வளவுதான். இரண்டு கேள்வி, நாலு காசு. இரண்டு பிட்.

நான் இரண்டு வருஷமாகப் படத்தை மனப்பாடம் செய்ய முயன்றதை, அவர் ஒரே மதியத்தில் டிசிஷன் ட்ரீயாக மாற்றிவிட்டார். அந்தப் பேரெல்லாம் அவருக்குத் தெரியாது. தோல் பை தெரியும்.

இதில் இன்னொரு அழகு. ஓரத்தில் வெட்டு போடுவது எதற்கு? வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவார்கள். வெட்டு இருந்தால் சுரண்டியது தெரிந்துவிடும். செம்பையும் நிக்கலையும் யாரும் சுரண்டப் போவதில்லை, அதனால் அதற்கு வெட்டு கிடையாது. அப்பாவின் நகம் கரகரத்த காசு எல்லாமே ஒரு காலத்தில் வெள்ளியாக இருந்தவை. வரலாறு அவர் நகத்தில் மாட்டியிருக்கிறது.

எண்ணிக் காட்டியவர்

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் தனியாகவே காபிக் கடைக்குப் போக ஆரம்பித்தார். வார நாட்களில் கல்லாவில் வேறு ஒரு பெரியம்மா இருப்பார்களாம். அப்பா முதல் நாள் பயத்தில் மறுபடி உள்ளங்கையை நீட்டியிருக்கிறார். அந்தம்மா கையிலிருந்து எடுக்கவில்லை. மேஜையைத் தட்டி, இங்கே வை என்று காட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு காசாக விரலால் தன் பக்கம் தள்ளித் தள்ளி, வாய்விட்டு எண்ணியிருக்கிறார்கள். "ட்வென்ட்டி ஃபைவ்... ஃபிஃப்ட்டி... சிக்ஸ்டி..." மீதிக் காசை அப்பா பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, சரியா என்று முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"மூணாவது நாள் நானும் கூடவே எண்ணினேன்டா. ரெண்டாவது வாரம் நான் தள்ளினேன், அவங்க எண்ணிக்கிட்டாங்க" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகம் என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்ட்டில் துணி துவைக்கப் போனோம். ஒரு லோடுக்கு 1.75 டாலர், ஏழு குவார்ட்டர். அப்பாதான் பொறுப்பு. பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பார்க்காமல், சரியாக ஏழை எடுத்துப் போட்டார். பழைய மேஜிக் திரும்பி வந்துவிட்டது. மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போது திடீரென்று சொன்னார்.

"வேடசந்தூர் பக்கம் மில்லுக்கு வேலைக்கு வர்ற வடநாட்டுப் பசங்க நம்ம பஸ்ல ஏறுவாங்க. தமிழ் வராது. எவ்வளவுன்னு சொன்னா புரியாது. கையில இருக்கற காசு பூரா அப்படியே நீட்டுவாங்க. கூட்டம் நெரியும், டிரைவர் விசில் எங்கன்னு பார்ப்பாரு. நான் டிக்கெட்டுக்கு உள்ளதை எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்த ரூபா கூட எடுத்ததில்லடா, சத்தியமா. ஆனா எண்ணிக் காட்டினது இல்ல. ஒரு தடவை கூட இல்ல. நான் சரியாத்தான் எடுத்தேன்னு எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? காபிக் கடையில் நான் செய்ததும் அதே வேலைதான். கார்டைத் தட்டினேன். கணக்கு சரி. ஆனால் என்ன கேட்டார்கள், எது டைம், எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும், எதையும் அவருக்குச் சொல்லவில்லை. கோட் சரியாக ஓடியது, லாக் மட்டும் எழுதவில்லை. வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே நடந்தது நியாயமா அநியாயமா என்று தெரிய ஒரே வழி அந்த லாக்தான்.

சென்னை டீக்கடை

இத்தோட முடிஞ்சிருந்தா நான் திருந்திட்டேன்னு சொல்லி எபிசோடை முடிச்சிருக்கலாம். முடியலை.

நான் போன வருஷம் சென்னைக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆபீஸ் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஒரு மாதத்துக்கு முன்னால், கட்டட வேலை பார்க்கிற ஒரு பையன், இந்தி பேசுகிறவன், டீ குடித்துவிட்டு ஒரு பத்து ரூபாய் காசையும் ஓர் ஐந்து ரூபாய் காசையும் நீட்டினான். கடைக்காரர் பத்து ரூபாய் காசைத் திருப்பிக் கொடுத்து, "இது செல்லாது, நோட்டு குடு" என்றார். பையனுக்குப் புரியவில்லை. மறுபடி நீட்டினான். குரல் உயர்ந்தது.

பத்து ரூபாய் காசு செல்லும். பதினான்கு டிசைனில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிக்கை விட்டது. இருந்தும் டிசைன் மாறினால் கள்ளக் காசு என்கிற வதந்தி நம்ம ஊரில் இன்னும் முழுசாகச் சாகவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். நான் என்ன செய்தேன்? "விடுங்கண்ணா, நான் போடறேன்" என்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பதினைந்து ரூபாயை அனுப்பிவிட்டேன். மூன்று நொடி. பிரச்சினை முடிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பிப் பார்த்தால், அந்தப் பையன் உள்ளங்கையில் இருந்த பத்து ரூபாய் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தனியாக எடுத்து வேறு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் கூலியில் வந்த நல்ல காசு. இனி அதை எங்கேயும் நீட்டத் தயங்குவான். செல்லாது என்று அவனுக்குச் சொன்னது கடைக்காரர். அதை உறுதி செய்தது நான்.

பென்னி விஷயமாக அப்பா போன் பண்ணியபோது இதைச் சொன்னேன். "பதினஞ்சு ரூபா கொடுத்தே, சரி. அந்தக் காசு செல்லும்னு அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுக்கு ஒரு வார்த்தைதானேடா ஆகும்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அந்த டீக்கடையில் நான் பத்து ரூபாய் காசாகத்தான் கொடுக்கிறேன். அண்ணன் முதல் நாள் முறைத்தார். ரிசர்வ் வங்கி அறிக்கையை போனில் காட்டினேன். "நீங்க சொல்றது சரி தம்பி, ஆனா நான் குடுத்தா எவனும் வாங்க மாட்டேங்கிறானே" என்றார். அதுவும் உண்மைதான். "எனக்கு மீதி தரும்போது அதையே குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றேன். இப்போது வாங்குகிறார். அந்தப் பையனை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

மக்களே, நம்ம எல்லாருக்கும் இது நடக்கும். வேற நாட்டுக்குப் போய் நீங்க உள்ளங்கையை விரிக்கிற நாள் வரும். அதைவிட அடிக்கடி, இங்கேயே யாராவது உங்க முன்னாடி விரிப்பாங்க. ஆட்டோவுல, மெட்ரோ கவுன்ட்டர்ல, கோயில் வாசல்ல. காசாத்தான் இருக்கணும்னு இல்லை. யூபிஐ தெரியாத தாத்தா போனையே தூக்கிக் கொடுத்து "நீயே போட்டுடுப்பா" என்பார். அதுவும் விரித்த உள்ளங்கைதான். அவங்க கையிலிருந்து எடுத்துட்டுப் போயிடாதீங்க. வாய்விட்டு எண்ணுங்க. பத்து நொடி கூடுதலாகும். பின்னாடி இருக்கிற ஆறு பேரும் காத்திருக்கட்டும்.

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது நாலு காசிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு போனார். இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், ரிட்டையர்டு கண்டக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கீறி, எது எவ்வளவு என்று சொல்லணும். தப்பாகச் சொன்னவர் டீ வாங்கித் தரணும். இதுவரை அப்பா ஒரு டீக்குக்கூடக் காசு கொடுத்ததில்லையாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.